காரின் ஏ.சி.க்கு ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டியிருக்கிறது: கூலிங் காயிலா, கம்ப்ரஸரா?

மலைக்கோட்டைவாசி (திருச்சி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2016ஆம் ஆண்டு வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக் வண்டி. சென்ற சித்திரையில் ஏ.சி.யின் குளிர்ச்சி குறையத் தொடங்கியதும் வீட்டுக்கு அருகிலுள்ள ஏ.சி. கடையில் காட்டினேன். கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லி, ஒரு சிறிய கேனைக் குழாயில் இணைத்து, எஞ்சினை ஓடவிட்டு நிரப்பினார்கள். எடை எதுவும் பார்க்கவில்லை. தடித்த அலுமினியக் குழாயைக் கையால் பிடித்துப் பார்த்த மெக்கானிக், அது சில்லென்று வியர்க்கத் தொடங்கியதும் ‘போதும்’ என்று வால்வை மூடிவிட்டார். தீபாவளி வரை எந்தக் குறையும் இல்லை. தை பிறந்ததிலிருந்து மறுபடியும் அதே கதை. நெடுஞ்சாலையில் ஓடும்போது ஓரளவு குளிர்கிறது. பால்பண்ணை சிக்னலில் நின்றால் சிறிது நேரத்தில் வெறும் காற்றுதான் வருகிறது.

இப்போது மூன்று இடங்களில் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். கேஸ் நிரப்பிய அதே கடையில், மீண்டும் நிரப்பினால் போதும், 2,200 ரூபாய் ஆகும் என்கிறார்கள். வேறொரு தனியார் பட்டறையில், கூலிங் காயில் ஓட்டையாகிவிட்டது, டேஷ்போர்டை இறக்கி மாற்ற வேண்டும், வெளிச்சந்தைக் காயில் போட்டால் 11,500 ரூபாய்க்கு முடித்துத் தருகிறோம் என்கிறார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ கூலிங் காயில், எக்ஸ்பான்ஷன் வால்வு, கம்ப்ரஸர் எல்லாவற்றையும் சேர்த்து 41,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். இந்த மூவரில் எவரும் வண்டியின் முன்பக்கத்தைக் கால் மணி நேரத்துக்கு மேல் பார்க்கவில்லை.

கேஸ் என்பது பெட்ரோலைப் போலத் தீர்ந்துபோகும் பொருளா? கம்ப்ரஸர் உண்மையிலேயே போய்விட்டதா என்பதை என்னைப் போன்ற ஒருவர் எப்படித் தெரிந்துகொள்வது? பணத்தைக் கொடுப்பதற்கு முன் அவர்களிடம் எதை எழுதி வாங்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கொங்கு கூலிங் (கோயம்புத்தூர்) எழுதியது:

வணக்கம். நான் கோவையில் கார் ஏ.சி. வேலை மட்டும் செய்யும் பட்டறை ஒன்றை நடத்திவருகிறேன். சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் தீர்ந்துபோகும் பொருளன்று. கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்குகிறது; ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது; எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்ணிய துளை வழியே பாய்ந்து, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு மீண்டும் கம்ப்ரஸருக்கே திரும்புகிறது. இது மூடிய சுற்று. ரப்பர் ஹோஸ்கள் வழியாகவும் கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் ஆண்டுக்குச் சில கிராம் கசிவது இயல்பு என்பதால், பல ஆண்டுகள் ஓடிய வண்டியில் குளிர்ச்சி மெல்லக் குறைந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் சித்திரையில் நிரப்பியது தையில் இல்லையென்றால், எங்கோ ஓர் இடத்தில் லீக் இருக்கிறது என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் கேஸை மட்டும் நிரப்புவது, அடுத்த ஆண்டுக்கான வாடிக்கையாளரை இப்போதே பிடித்துவைப்பதற்குச் சமம்.

குழாயைத் தொட்டுப் பார்த்து ‘போதும்’ என்று சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குழாய் சில்லென்று இருப்பது, வெளி வெப்பம், எஞ்சின் வேகம், ப்ளோயர் எந்த எண்ணில் ஓடுகிறது என்று பலவற்றைப் பொறுத்தது. கேஸ் குறைவாக இருக்கும்போதும், கூடுதலாகிவிட்டபோதும் அது வியர்க்கக்கூடும். உங்கள் பானெட்டைத் திறந்தால் அதன் உட்புறத்திலோ முன்பட்டையிலோ ஒரு சிறிய ஸ்டிக்கர் இருக்கும். கேஸின் வகை ஆர்-134ஏ என்றும், அளவு இத்தனை கிராம் என்றும் அதில் அச்சிட்டிருப்பார்கள். சிறிய வண்டிகளின் மொத்தக் கேஸே அரைக் கிலோவுக்கு உட்பட்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதில் 50 கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சியில் வேறுபாடு தெரியும் என்கிறபோது கை எடை போடுமா?

இன்னொரு வழக்கமான ஏமாற்று வேலையையும் சொல்லிவிடுகிறேன். சில நேரம் இதைச் செய்பவர்களுக்கே இது ஏமாற்று என்று தெரியாது. எஞ்சினை அணைத்த நிலையில் கேஜை (அழுத்தமானியை) மாட்டி, முள்ளைக் காட்டி, ‘பாருங்கள், கேஸ் ஃபுல்லாக இருக்கிறது, பழுது கம்ப்ரஸரில்தான்’ என்பார்கள். ஓடாமல் நிற்கும் சுற்றுக்குள் கொஞ்சம் திரவக் கேஸ் மிச்சமிருக்கும் வரை, கேஜ் காட்டும் அழுத்தம் அன்றைய வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. எத்தனை கிராம் இருக்கிறது என்பதை அது சொல்லாது. வெப்பம் 30 டிகிரி என்றால் ஆர்-134ஏ ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டும். 400 கிராம் இருந்தாலும் அதே 97தான். பாதி இருந்தாலும் அதே 97தான். எவ்வளவு இருக்கிறது என்று அறிய ஒரே வழி, ரெக்கவரி மெஷின் கொண்டு உள்ளிருக்கும் கேஸை முழுவதும் இழுத்து எடை போடுவதுதான். அந்த எடையை ஸ்டிக்கரில் உள்ள எண்ணோடு ஒப்பிட்ட பிறகே மற்றப் பேச்சு. மெஷின் இல்லாத பட்டறைகளில் பழைய கேஸைக் காற்றில் திறந்துவிட்டுவிடுகிறார்கள். அந்தக் கேஸ் வளிமண்டலத்தைச் சூடாக்கும் திறன் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 1,400 மடங்கு என்பது ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் வண்டியில் எவ்வளவு மிச்சமிருந்தது என்ற ஒரே தடயமும் அதோடு போய்விடுகிறது.

கேஜுக்கு வேலை இருப்பது கம்ப்ரஸர் ஓடும்போதுதான். 35 டிகிரி வெயிலில், நல்ல நிலையிலுள்ள வண்டியில், குறைந்த அழுத்தப் பக்கத்து நீலக் கேஜ் 30 முதல் 45 வரையிலும், உயர் அழுத்தப் பக்கத்துச் சிவப்புக் கேஜ் 200 முதல் 250 வரையிலும் பிஎஸ்ஐ காட்டும். வண்டிக்கு வண்டி சற்று மாறும். இரண்டும் குறைந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் கூடியிருந்தால் கேஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கிறது, அல்லது கண்டென்சருக்குப் போதிய காற்று கிடைக்கவில்லை. நீலம் பூஜ்யத்துக்கு அருகே இழுத்துக்கொண்டு நின்றால் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு, அல்லது ஈரம் உறைந்திருக்கிறது என்று ஐயப்படலாம். கேஸின் எடை சரியாக இருந்தும், நீலம் மேலேறி, சிவப்பு கீழிறங்கி, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கிறதே, அதுதான் கம்ப்ரஸர் அழுத்தம் கொடுக்கவில்லை என்பதன் அடையாளம். அதிலும், கம்ப்ரஸரை எஞ்சினோடு இணைத்தும் பிரித்தும் விடும் மேக்னடிக் கிளட்ச் இல்லாமல், உள்ளே ஒரு கண்ட்ரோல் வால்வின் மூலம் கொள்ளளவை மாற்றிக்கொள்ளும் கம்ப்ரஸர்கள் இப்போது நிறைய வருகின்றன. அந்த வால்வு மட்டும் பழுதாகியிருந்தாலும் இதே அடையாளம் தெரியும். எனவே கம்ப்ரஸர் போய்விட்டது என்று சொல்பவரிடம், ‘ஓடும்போது இரண்டு கேஜும் என்ன காட்டின?’ என்று கேளுங்கள். எண் சொல்ல முடியாதவர் கம்ப்ரஸரைப் பார்க்கவில்லை என்றே கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலையில் குளிர்கிறது, சிக்னலில் குளிரவில்லை என்கிறீர்கள். கேஸ் குறைவும் இதைச் செய்யும். ஆனால் நான் முதலில் பார்ப்பது ஃபேனைத்தான். ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலை முழுவதும் ஃபேனுடையது. ஏ.சி.யை ஆன் செய்துவிட்டு இறங்கி வந்து பாருங்கள். ஃபேன் சுற்றுகிறதா, சுற்றினாலும் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பஞ்சும் இலைத்தூளும் கம்பளிபோல் அடைந்திருக்கிறதா என்பதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். ஃபேனின் ரிலே ஒன்று போனதற்காகக் கம்ப்ரஸரையே மாற்றிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

லீக் தேடும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேக்குவம் போட்டு, அதாவது சுற்றிலுள்ள காற்றை பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்து, அரை மணி நேரம் முள் நகரவில்லை, ஆகவே லீக் இல்லை என்று சொல்வார்கள். வேக்குவத்தில் சுற்றின் மேல் வெளியிலிருந்து உள்நோக்கி அழுத்துவது ஒரு வளிமண்டல அழுத்தம், அதாவது 15 பிஎஸ்ஐக்கும் குறைவு. ஓடும்போது அதே சுற்று உள்ளிருந்து வெளிநோக்கி 200க்கு மேல் தாங்குகிறது. சிறிய லீக் வேக்குவத்தில் தெரியாமலே போகும். வேக்குவம் போடுவது ஈரத்தை வெளியேற்றுவதற்காக. அது கட்டாயம் வேண்டும், ஏனென்றால் ஈரம் எண்ணெயோடும் கேஸோடும் சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். லீக் தேட நைட்ரஜனை அழுத்தத்தோடு ஏற்றி, ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை வைத்துப் பார்க்க வேண்டும், அல்லது யு.வி. டை என்னும் ஒளிரும் சாயத்தைக் கலந்து சில நாள் ஓட்டிவிட்டுப் புற ஊதா விளக்கில் பார்க்க வேண்டும். கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்தே சுற்றுவதால், லீக் உள்ள இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் ஒட்டிய புழுதியும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். கூலிங் காயில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால், ப்ளோயரை அணைத்துச் சிறிது நேரம் விட்டு, காற்று வரும் வாயிலும் தண்ணீர் சொட்டும் குழாய் முனையிலும் எலெக்ட்ரானிக் லீக் டிடெக்டரை நீட்டிப் பார்ப்போம். வேப்பமரத்தடியில், புளியமரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில், இலைத்தூளும் ஈரமும் காயிலின் மேல் படிந்து புளித்து அதை அரித்துவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன் என்பதால், உங்கள் இரண்டாவது பட்டறைக்காரர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் சோதித்துச் சொன்னாரா, ஊகித்துச் சொன்னாரா என்பதே கேள்வி.

பழைய சர்வீஸ் அட்வைசர் (சேலம்) எழுதியது:

கொங்கு கூலிங் ஐயா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

41,000 ரூபாய் என்ற எஸ்டிமேட்டைப் பார்த்ததும் கொள்ளை என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கூலிங் காயிலை மாற்றுவதற்கு டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டிய வண்டி என்றால், அந்த வேலையே ஏறத்தாழ ஒரு நாளை விழுங்கும். எக்ஸ்பான்ஷன் வால்வு காயிலை ஒட்டியே இருப்பதால், அதன் விலை காயிலோடு ஒப்பிட்டால் சிறியது என்பதால், இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து வால்வுக்காக மறுபடியும் டேஷ்போர்டை இறக்கினால், வாடிக்கையாளர் எங்களைத்தான் திட்டுவார். அங்கே மெக்கானிக்கின் கைப்பழக்கத்தை நம்பிப் பழுது பார்ப்பதில்லை. பாகத்தை முழுதாக மாற்றி, அதற்கு வாரண்டி கொடுப்பதே முறை.

கம்ப்ரஸரைச் சேர்த்ததற்கு மட்டும் என்னால் வக்காலத்து வாங்க முடியாது. கம்ப்ரஸர் உள்ளே அரைபட்டு உடைந்திருந்தால், எண்ணெய் கறுத்து, அலுமினியத் தூள் கலந்து வரும். அப்படி வந்தால் கம்ப்ரஸரோடு கண்டென்சரையும், ஈரத்தை உறிஞ்சி வைக்கும் டிரையரையும் மாற்ற வேண்டும். இன்றைய கண்டென்சர்களின் மிக நுண்ணிய குழாய்களில் சிக்கிய தூளை எவ்வளவு ஃப்ளஷ் செய்தாலும் முழுதாக எடுக்க முடியாது. உங்கள் எஸ்டிமேட்டில் கம்ப்ரஸர் இருக்கிறது, கண்டென்சரும் டிரையரும் இல்லை. ஆகவே அவர்கள் உடைந்த கம்ப்ரஸரைக் கண்டு எழுதவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சேர்த்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். அட்வைசரிடம் சண்டைக்குப் போகாமல், ‘கம்ப்ரஸரைத் தனி எஸ்டிமேட்டாகப் பிரித்துக் கொடுங்கள், எந்தச் சோதனையின் அடிப்படையில் மாற்றச் சொல்கிறீர்கள் என்று ஜாப் கார்டில் (வேலைச்சீட்டில்) எழுதுங்கள்’ என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அடுத்த எஸ்டிமேட்டில் அந்த வரி காணாமல் போயிருக்கும்.

டேஷ்போர்டை இறக்கும் வேலைக்கு எங்கே விட்டாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஏர்பேக் கனெக்டர்களைக் கழற்றுவதற்கு முன் பேட்டரி இணைப்பை எடுத்துச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்கள் இதைச் செய்வதில்லை. வண்டியைத் திரும்ப எடுக்கும்போது, சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா, காற்று முகம், கால், கண்ணாடி என்று எல்லாத் திசைக்கும் மாறுகிறதா, ப்ளோயரின் எல்லா வேகமும் வேலை செய்கிறதா, ஹாரனும் சென்ட்ரல் லாக்கும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். கரடுமுரடான சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால், எந்த க்ளிப்பை மாட்டாமல் விட்டார்கள் என்பதை டேஷ்போர்டே கடகடவென்று சொல்லிவிடும்.

ஓ.எம்.ஆர். பயணி (சென்னை) எழுதியது:

இவ்வளவு சோதனைக்குச் செலவழிப்பதைவிடப் புதுப்பேட்டையில் பழைய கம்ப்ரஸர் ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாம் என்பது என் கருத்து. என் வண்டிக்கு அப்படித்தான் செய்தேன். புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை, இன்றுவரை ஓடுகிறது. ஜி.பி. சாலையில் புதிய உதிரிபாகமும் சர்வீஸ் சென்டரைவிடக் குறைவான விலைக்குக் கிடைக்கிறது. சர்வீஸ் சென்டர்கள் நம் அச்சத்தைத்தான் விற்கின்றன.

கொங்கு கூலிங் (கோயம்புத்தூர்) எழுதியது:

உங்களுக்கு நல்ல கம்ப்ரஸர் அமைந்தது மகிழ்ச்சி. ஆனால் கேட்டவரின் வண்டியில் கம்ப்ரஸர் பழுது என்பதே இன்னும் உறுதியாகவில்லை. பழுதாகாத ஒன்றை மலிவாக மாற்றினாலும் அது வீண் செலவுதான். பழைய கம்ப்ரஸரை வாங்குபவர்கள், அதன் இரண்டு வாய்களும் மூடியிட்டு அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். வாய் திறந்தபடி கடையில் கிடந்த கம்ப்ரஸருக்குள் இருக்கும் பேக் (பி.ஏ.ஜி.) வகை எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கையால் சுற்றினால் சீராகச் சுற்ற வேண்டும்; உள்ளிருக்கும் எண்ணெயைச் சிறிது வெள்ளைத் துணியில் கவிழ்த்துப் பார்த்தால் மினுமினுக்கும் தூள் இருக்கக் கூடாது. மின்சார வண்டிக்கும் ஹைப்ரிட் வண்டிக்கும் இந்த யோசனையே வேண்டாம். அவற்றின் கம்ப்ரஸருக்கு வேறு வகை எண்ணெய், மின்னழுத்தமும் உயிரோடு விளையாடும் அளவு.

நுகர்வோர் வழக்கறிஞர் (மதுரை) எழுதியது:

இயந்திரம் குறித்து எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எதை எழுதி வாங்க வேண்டும் என்ற கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் தருகிறேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, விற்ற பொருளுக்கோ செய்த சேவைக்கோ பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை. எனவே ‘ஜி.எஸ்.டி. இல்லாமல் போட்டுக்கொள்ளலாம், குறையும்’ என்ற பேச்சுக்கு இணங்கும்போது, மிச்சமாகும் தொகையோடு உங்கள் ஆதாரத்தையும் கைவிடுகிறீர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். பில்லில் பாகத்தின் பெயரும் பார்ட் எண்ணும், உழைப்புக் கட்டணம் தனியாகவும், நிரப்பிய கேஸின் எடை கிராமிலும், வாரண்டி எவ்வளவு காலம் என்பதும் இருக்கட்டும். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலை தொடங்குவதற்கு முன்பே சொல்லி, ஜாப் கார்டில் எழுதச் செய்யுங்கள். வேலை முடிந்தபின் கேட்டால், கழிவுக்குப் போய்விட்டது என்ற பதில்தான் வரும். கூடுதல் வேலை எதுவாயினும், தொகையைக் குறிப்பிட்டு வாட்ஸ்அப்பில் கேட்டு, நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். அந்த உரையாடல் பின்னர் சான்றாகும்.

எனக்கு வரும் வழக்குகளில் அடிக்கடி காண்பது இது: எஸ்டிமேட் ஒன்று, பில் இரண்டு மடங்கு, பணம் தராமல் வண்டியை விட மாட்டோம் என்ற நிலை. இங்கே பட்டறைக்காரருக்கும் உரிமை உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 170ஆவது பிரிவின்படி, தம் உழைப்பைச் செலுத்திய பொருளை, அதற்குரிய கூலி கிடைக்கும் வரை தம்மிடம் வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் ஒப்புக்கொள்ளாத வேலைக்கும் அந்த உரிமை நீளுமா என்பதைக் கடை வாசலில் நின்று வாதிட்டு முடிக்க முடியாது. வண்டி உடனே தேவைப்பட்டால், ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று பில்லின் இரு படிகளிலும் எழுதிக் கையொப்பமிட்டு, பணத்தை வங்கி வழியாகச் செலுத்திவிட்டு வண்டியை எடுத்து வாருங்கள். அதன்பின் எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்தால், அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருபவர்கள் பலர். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள், இணையவழியாகவும் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஒரே ஒரு சிக்கல். குளிர்ச்சி இல்லை என்று நீங்களும், கொடுக்கும்போது இருந்தது என்று அவர்களும் சொன்னால் ஆணையம் எதை நம்பும்? மேலே சொல்லப்பட்ட கேஜ் அளவுகளும் கேஸின் எடையும் ஜாப் கார்டில் இருந்தால் வழக்கு நிற்கும். மேலும், முதல் பட்டறையின் வேலை சரியில்லை என்று இரண்டாவது பட்டறைக்குப் போகும்போது, அவர்கள் எதையும் கழற்றுவதற்கு முன் என்ன நிலையில் இருந்தது என்பதை எழுத்திலும் படத்திலும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மலைக்கோட்டைவாசி (திருச்சி) எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னவற்றைக் குறித்து எடுத்துக்கொண்டு, ரெக்கவரி மெஷின் வைத்திருக்கும் ஒரு பட்டறையைத் தேடிப் பிடித்தேன். சோதனைக்கு மட்டும் தனிக் கட்டணம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். வேலை அங்கேயே செய்தால் அதைக் கழித்துக்கொள்வார்களாம். ஸ்டிக்கரில் 400 கிராம் என்று இருக்கிறது. எஞ்சினை அணைத்த நிலையில் கேஜ் 110 பிஎஸ்ஐ காட்டியது. அன்று நல்ல வெயில். மெஷினில் இழுத்தபோது வந்தது 210 கிராம்தான். கொங்கு கூலிங் ஐயா சொன்னது கண்ணெதிரே விளங்கியது.

நைட்ரஜன் ஏற்றி, முன் பம்பரைக் கழற்றிச் சோப்பு நுரை வைத்தார்கள். கண்டென்சரின் கீழ் மூலையில், பக்கவாட்டுக் குழாய் சேரும் இடத்தில், கடுகளவு குமிழிகள் விடாமல் வந்துகொண்டே இருந்தன. அந்த இடத்தைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புப் பிசுக்கு. நைட்ரஜன் ஏற்றுவதற்கு முன்பே கூலிங் காயில் பக்கம் லீக் டிடெக்டரைக் காட்டிப் பார்த்தார்கள், சத்தமே போடவில்லை. ஃபேன் ஒழுங்காகச் சுற்றுகிறது. இப்போது என் கேள்விகள் இரண்டு. எப்படியும் ஒருநாள் போகப்போகிற காயிலையும் இப்போதே மாற்றிவிடலாமா? கேஸில் போலி உண்டு என்கிறார்களே, அதை எப்படி அறிவது?

கொங்கு கூலிங் (கோயம்புத்தூர்) எழுதியது:

காயிலைத் தொட வேண்டாம். லீக் இல்லாத காயிலுக்காக டேஷ்போர்டை இறக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கண்டென்சரை மட்டும் மாற்றுங்கள். உங்கள் வண்டியின் காலத்துக் கண்டென்சர்களில் பெரும்பாலும் டிரையர் பக்கவாட்டிலேயே சேர்ந்து வரும். சேர்ந்து வராத வகையென்றால் அதைத் தனியாக வாங்கி மாற்றச் சொல்லுங்கள், பழையதை மீண்டும் மாட்ட விடாதீர்கள். கழற்றும் மூட்டுகளில் எல்லாம் புதிய ஓ-ரிங் (ரப்பர் வளையம்). பழைய கண்டென்சரோடு வெளியேறும் எண்ணெய்க்கு ஈடாக, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவு புதிய எண்ணெய் விட வேண்டும். இதை மறந்துவிட்டு, அடுத்த ஆண்டு கம்ப்ரஸர் சுற்றாமல் இறுகிப்போய் வருபவர்கள் உண்டு. லீக்கை அடைக்கும் திரவம் என்று ஒன்றை யாராவது கேனில் நீட்டினால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது எக்ஸ்பான்ஷன் வால்வையும் மெஷினையும் சேர்த்து அடைக்கும்.

போலிக் கேஸ் உண்மையான தொல்லை. மலிவுக் கேன்களில் எல்.பி.ஜி. போன்ற தீப்பற்றும் வாயுவையும், ஆர்-22 என்ற வேறு குளிர்விப்புக் கேஸையும், சில இடங்களில் ஆர்-40 எனப்படும் மெத்தில் குளோரைடையும் கலந்துவிடுகிறார்கள். அலுமினியத்தோடு சேர்ந்தால் ஆர்-40, காற்றுப் பட்டதும் தானாகவே தீப்பற்றி வெடிக்கக்கூடிய பொருளாகிவிடும். 2011இல் அப்படிக் கலப்படக் கேஸ் ஏற்றப்பட்ட கப்பல் குளிர்கன்டெய்னர்கள் வெடித்து, அவற்றில் வேலை செய்தவர்கள் உயிரிழந்தார்கள். கேஸை வெறும் கண்ணால் இனம்காண முடியாது; ஐடென்டிஃபையர் என்னும் கருவி வைத்திருக்கும் பட்டறைகள் நம் பக்கம் குறைவு. உங்களால் செய்யக்கூடியது, பெரிய சிலிண்டரிலிருந்து மெஷின் வழியாக எடை போட்டு ஏற்றும் இடத்தில் செய்துகொள்வதும், அந்த சிலிண்டரின் லேபிளைப் படம் எடுத்துக்கொள்வதும்தான்.

கண்டென்சரை மாற்றிய பிறகு மீண்டும் நைட்ரஜன் சோதனை, அதன்பின் வேக்குவம், அதன்பின் 400 கிராம் என்ற வரிசையில் செய்யச் சொல்லுங்கள். மெஷினில் அச்சாகும் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பிறகு கண்ணாடிகளை ஏற்றி, உள்காற்றுச் சுழற்சியில் வைத்து, நடு வெண்டில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி, நின்ற நிலையிலேயே கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். 10 டிகிரியை ஒட்டி இறங்கிவிட்டால் பணத்தைக் கொடுக்கலாம். இறங்கவில்லையென்றால், இரண்டு கேஜும் அப்போது காட்டும் எண்களை இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.